நீல முகமூடி

இந்தக் கதையை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லையா. ஆனா போன வாரம் ஊரிலிருந்து புதுசா வந்திறங்கின ஜூனியர் பையன் ஒருத்தன், "அண்ணா, இந்த லைட் மாஸ்க் ஆஃபர்ல வருது, வாங்கலாமா?"ன்னு போனை நீட்டினான். அவன் கன்னத்தைப் பார்த்தேன். அப்படியே என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. சரி, எழுதிடுவோம். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம் :-)

கொசுவத்தி சுத்திக்குங்க. 2024 நவம்பர், லீட்ஸ். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். எனக்கு வயசு 26. பத்தாவது படிக்கும்போது வந்திருக்க வேண்டிய பரு, காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போய், வேலையை விட்டு மறுபடி மாணவனாகி இங்கே வந்த பிறகு சாவகாசமா வந்து சேர்ந்தது. ரெண்டு கன்னத்திலேயும், தாடை ஓரத்திலேயும். வந்தது சும்மா போகுதா? ஒவ்வொண்ணும் போகும்போது கறுப்பா ஒரு முத்திரை குத்திட்டுத்தான் போச்சு.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. "முகம் ஏண்டா இப்படி ஆயிடுச்சு? ஒழுங்கா சாப்பிடறியா? ராத்திரி தூங்கறியா?" எங்கம்மாவுக்கு என் முகம்தான் ப்ராக்ரஸ் ரிப்போர்ட். அதிலே மார்க் குறைஞ்சா கும்பகோணத்திலே யாருக்கும் தூக்கம் கிடையாது. அடுத்த வாரத்திலிருந்து கேமராவை அணைச்சுட்டேன். "நெட் சரியில்லைம்மா."

அந்த நேரம் பார்த்துதான் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி வந்தது. 79 பவுண்டு, நம்ம ஊர்க் காசுக்கு எட்டாயிரத்துச் சொச்சம், என்னோட மூணு வாரச் சாப்பாடு. வெள்ளைப் பிளாஸ்டிக் முகமூடி, உள்ளே வரிசையா எல்.ஈ.டி. பல்பு, ஏழு கலர். விளம்பரத்திலே பரு போகும்னு மட்டும் போட்டிருந்தா யோசிச்சிருப்பேன். 'பளிச்'சுன்னு ஆகும்னும் போட்டிருந்தான். பொய் சொல்ல விரும்பலை மக்களே, என் விரலை அழுத்த வெச்சது அந்த வார்த்தைதான். சின்ன வயசிலிருந்து "கறுத்துட்டியே"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்த பயலுக்கு வேற என்ன தோணும்?

பார்சல் வந்த அன்னிக்கு ராத்திரி ரூம் விளக்கை அணைச்சுட்டு, நீல லைட்டைப் போட்டு மல்லாந்து படுத்திருந்தேன். என் ரூம்மேட் யாழ்ப்பாணத்துக்காரன். சீனி கேக்கக் கதவைத் திறந்தவன் போட்ட சத்தத்திலே கீழ்வீட்டுக்காரங்க முழிச்சுக்கிட்டாங்க. "ஐயோ! உனக்கென்ன விசரே? பேய் மாதிரிக் கிடக்கிறாய்!" அப்புறம் ஒரு வாரத்துக்கு நான் ரூம்ல இருந்தா கதவைத் தட்டிட்டுத்தான் உள்ளே வந்தான்.

சும்மா கேலி பண்ணிட்டுப் போறதுக்கு இந்தப் பதிவு இல்லை. வெளிச்சத்தாலே வைத்தியம்ங்கிறது டுபாக்கூர் கிடையாது. தோலில் வர்ற காசநோயை வெளிச்சத்தாலே குணப்படுத்தினதுக்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903லேயே நோபல் பரிசு குடுத்திருக்காங்க. பச்சைக் குழந்தைக்கு மஞ்சக் காமாலை வந்தா நீல லைட்டுக்குக் கீழே படுக்க வைக்கறாங்களே, அது 1950கள்ல இதே இங்கிலாந்திலே, எசெக்ஸ் பக்கம் ரோச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியிலே ஆரம்பிச்சது. வெயில் பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் குறையறதை முதல்ல கவனிச்சது ஒரு நர்ஸம்மா. நான் பொறந்தப்போ என்னையும் ரெண்டு நாள் அப்படி வெச்சிருந்தாங்களாம். கண்ணைத் துணியாலே கட்டி. கண்ணாடிக்கு வெளியே அம்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம்.

பருவுக்கு நீலம் எதுக்குன்னா, பருவிலே இருக்கிற பாக்டீரியா போர்ஃபைரின்னு ஒரு பொருளைத் தயாரிக்குது. 415 நானோமீட்டர் பக்கம் இருக்கிற நீல வெளிச்சத்தை அது உறிஞ்சும்போது உண்டாகிற ரசாயன மாற்றம் அந்த பாக்டீரியாவையே கொல்லும். 630 சுமாருக்கு வர்ற சிவப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாப் போய் வீக்கத்தைக் குறைக்கும். மத்த கலருக்கெல்லாம் இந்த அளவு ஆராய்ச்சி கிடையாது. சுருக்கமா சொன்னா, ஏழிலே ரெண்டுதான் சாமி, மீதி உற்சவத்துக்கு.

நான் என்ன பண்ணேன்? பெட்டியிலே பத்து நிமிஷம்னு போட்டிருந்தா நான் அரை மணி. தினமும் நீலம். அதுக்கு மேலே போதாத குறைக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு கிள்ளல் வேற. மூணு வாரத்திலே புதுப் பரு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. ஆனா பழைய கறையெல்லாம் பழுப்பிலிருந்து கறுப்பாச்சு. 'பளிச்'சுன்னு ஆகத்தான் வாங்கினேன்! அம்மாகிட்டே நெட் இன்னும் சரியாகலை.

ஜனவரியிலே டாக்டரைப் பார்த்தேன். என் நிறத்திலேயே இருந்தாங்க, அதனாலே தைரியமா எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க சிரிக்கலை. நம்ம மாதிரித் தோலுக்கு வீக்கம் வந்தாலே கறை விழும், கிள்ளினா இன்னும் ஆழமா விழும்னாங்க. அப்புறம் நீல வெளிச்சமே நிறமேத்தும்னாங்க. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2014ல பிரான்ஸிலே மாநிறக்காரங்க தோலில் 415 நானோமீட்டர் வெளிச்சத்தையும் 630 வெளிச்சத்தையும் தனித்தனியாப் பாய்ச்சிப் பார்த்திருக்காங்க. நீலம் பட்ட இடம் கறுத்து மூணு மாசம் வரைக்கும் இருந்திருக்கு. சிவப்பு பட்ட இடம் அப்படியே இருந்திருக்கு. 2018ல காரணமும் கண்டுபிடிச்சாங்க. நிறமி செய்யற செல்லிலே ஓப்சின்-3ன்னு ஒரு புரதம், கண்ணுக்குள்ளே இருக்கிற மாதிரியே, நீலத்தை உணர்ந்து 'நிறத்தைக் கூட்டு'ன்னு சொல்லுதாம். அவங்க பாய்ச்சின அளவு வீட்டு மாஸ்க்கை விட அதிகம்தான். ஆனாலும் நான் அரை மணி அரை மணியா இல்ல வாங்கியிருக்கேன்.

விளம்பரத்திலே வந்த பொண்ணுங்க முகத்தை அப்போதான் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஒருத்தர் கூட என் நிறம் இல்லை.

டாக்டர் எழுதிக் குடுத்தது அடாபலீனும் பென்சாயில் பெராக்ஸைடும் கலந்த ஒரு ஜெல். பத்து பவுண்டுக்குள்ளே முடிஞ்சது. தினமும் ராத்திரி, 12 வாரம். கூடவே கலர் கலந்த சன்ஸ்க்ரீன். அதிலே இருக்கிற இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் தடுக்குமாம். ஏப்ரல்லே பரு நல்லா அடங்கிடுச்சு. கறை மெதுவா, மாசக்கணக்கிலே மங்கிச்சு. முகம் வெளுக்கலை, அந்த ஜெல் பட்டுத் தலையணை உறைதான் வெளுத்தது :-)

அண்ணன் அனுபவத்திலே சொல்றேன், தம்பி, குறிச்சுக்கோ:

1. மாநிறம், கறுப்புன்னா நீலத்துக்கு முன்னாடி டாக்டரைக் கேளு.
2. எத்தனை நானோமீட்டர்னு பெட்டியிலே போடாத மாஸ்க்கை வாங்காதே.
3. கண்ணை மூடற மறைப்பு கட்டாயம். பருவுக்கான ஒரு பிரபல மாஸ்க்கை, சில கண் நோய் இருக்கிறவங்களுக்கும் சில மருந்து சாப்பிடறவங்களுக்கும் பாதிப்பு வரலாம்னு 2019ல கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சு.
4. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை சாப்பிடறியா? வெளிச்சத்திலே தோல் சீக்கிரம் புண்ணாகும். சொல்லாம மாஸ்க் போடாதே.
5. கிள்ளாதே. கிள்ளவே கிள்ளாதே.

டாக்டரைப் பார்த்துட்டு வந்த அந்த ஞாயித்துக்கிழமையே கேமராவைப் போட்டேன். கறையெல்லாம் அப்படியேதான் இருந்தது. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சோன்னு நினைச்சேன். அப்புறம்தான் கண்ணைத் துடைக்கறது தெரிஞ்சது. ஏழு வாரமா, நான் உடம்பு சரியில்லாம எங்கேயோ ஆஸ்பத்திரியிலே கிடக்கறேன், மறைக்கறேன்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க. அப்பாகிட்டே கூட சொல்லலை.

மாஸ்க் கதை முழுசும் சொன்னேன்.

"பொறந்தப்பவே உன்னை நீல லைட்டுல போட்டு எடுத்தாச்சேடா, இன்னும் என்ன பாக்கி?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கிட்டே வந்து உத்துப் பார்த்துட்டு, "முடி வெட்டிக்கோ, காடா வளர்ந்து கிடக்கு"ன்னாங்க.

பருவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

டிஸ்கி: மாஸ்க் இப்பவும் ரூம்மேட் அலமாரியிலே இருக்கு. ஹாலோவீனுக்குப் போட்டுக்கறானாம்.