கடலைக் கடக்கும் வழி

தீபாவளிச் சரக்கு வெளியேறிய பிறகே சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர்களின் கைகளுக்கு ஓய்வு. செய்த அளவுக்கே கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் பயணம் என்பது அந்நாளின் ஊதியத்தையும் சேர்த்த செலவாகும். எனவே, இராமேசுவரத்திற்குத் தொடர்வண்டியா, பேருந்தா என்னும் கேள்வி அவர்கள் வீடுகளில் சிறியதன்று.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, மானாமதுரை வழியாக இருப்புப்பாதை செல்கிறது, சாலையும் உண்டு. மண்டபத்தில் நிலம் முடிந்துவிடுகிறது. 1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்படும்வரை அதற்கப்பால் படகே துணை. பாலம் வந்தபின், தனுஷ்கோடிவரை வண்டியில் சென்று, கப்பலில் தலைமன்னார் கடந்து, மீண்டும் வண்டியேறிக் கொழும்பையே அடைய முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1988இல் சாலைப்பாலம் அமைந்த பின்னரே பேருந்திலும் தீவுக்குச் செல்ல முடிந்தது.

கட்டணத்தையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வண்டியில் இருப்போர்க்கு இருபுறமும் கடல். பாலம் கண்ணில் படுவதே அரிது. உயரமான சாலைப்பாலத்தில் செல்லும் பேருந்திலிருந்தோ, கீழே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய இரயில் பாலம் முழுமையாகத் தெரியும். கடலைக் காண வண்டி, பாலத்தைக் காணப் பேருந்து! போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று எனக் கொள்வோர் இரண்டையும் பெறுகின்றனர்.

கால அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது பாம்பனை அடையும் நேரம். இரவில் கடந்தால் சன்னலில் தம் முகமே தெரியும்.