அதே குதிரை, அதே கட்டம்

சங்கரன்கோவிலில் பி.காம். முடித்துவிட்டு பாங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், நான் தினமும் ஒரு கம்ப்யூட்டரைத் தோற்கடித்து வந்தேன். சிரிக்காதீர்கள், நிஜம்.

நண்பனின் பிரவுசிங் சென்டரில் ஒரு செஸ் புரோகிராம். லெவலைக் குறைத்து வைத்துத்தான் ஆடுவேன். ஒருநாள் தற்செயலாக என் குதிரை பாய்ந்து அதன் ராஜாவையும் ராணியையும் சேர்த்து மடக்கிவிட்டது. மறுநாள் அதே மூவ்களை ஆடினேன். அதே குதிரை, அதே கட்டம், அதே ராணி! ஒரு வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. விசைத்தறி ஓட்டும் என் அப்பா மட்டும் பாராட்டவில்லை.

"தெனமும் ஒரே எடத்துலயே விழுது. ஒம் பரீட்ச மாதிரி இருக்குலே."

விஷயம் இதுதான். பல செஸ் புரோகிராம்கள் ஆரம்ப மூவ்களை யோசித்து ஆடுவதில்லை. 'ஓபனிங் புக்' என்று ஒரு மனப்பாட நோட்டு உண்டு. அதில் ஓட்டை இருந்தால், சூடு சொரணையில்லாமல் அதிலேயே போய் விழும்.

எல்லாப் புரோகிராமும் அப்படியல்ல. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹயாட் எழுதிய 'கிராஃப்டி' 1990களிலேயே தன் நோட்டைத் தானே திருத்திக்கொண்டது. 1999-ல் அவர் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். இதில் எனக்குப் பிடித்த அம்சம், அது ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காது. ஆரம்பம் பிரமாதமாக இருந்தும் அறுபதாவது மூவில் சொதப்பித் தோற்கலாம் அல்லவா? ஆரம்பத்தின் மேல் பழி போடுவது என்ன நியாயம்? அதனால், நோட்டு தீர்ந்த பிறகு வரும் பத்து மூவ்களில், தன் நிலைமைக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க்கைப் பார்க்கும். மோசமென்றால், வந்த வழிக்கு மதிப்பைக் குறைத்துவிட்டு அடுத்த தடவை வேறு வழி பார்க்கும். பலசாலியிடம் நல்ல மார்க் எடுத்தால் நம்பும். நோஞ்சானிடம் எடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளும். எங்கள் பி.காம். பாஷையில், ஐயக்கடன் ஒதுக்கு.

இதைப் படித்த அன்று ராத்திரி, நான் கோட்டைவிட்ட மூன்று பரீட்சைகளையும் எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் ரிசல்ட்டை மட்டும் பார்த்து, "ஒரு மார்க்ல போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். ஆனால் மூன்றிலும் கதை முதல் முக்கால் மணி நேரத்திலேயே முடிந்திருந்தது. காமர்ஸ்காரன் என்ற திமிரில் முதலில் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். கடைசியில் இங்கிலீஷ் பகுதியில் பாதியைத் தொட்டிருக்க மாட்டேன்.

நாலாவது தடவை இங்கிலீஷில் ஆரம்பித்தேன். கை நடுங்கியது. எழுத்துத் தேர்வில் பாஸ்! இன்டர்வியூவில் 'ஹாபி என்ன?' என்றார்கள். செஸ் என்றேன். அவர்களில் ஒருவர் உற்சாகமாகி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓபனிங் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஓபனிங்.

வேலை கிடைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமல், சத்தத்துக்கு மேலே கத்தினார்:

"பரவால்லலே! இந்தத் தடவ வேற எடத்துலல்லா தோத்துருக்க!"