எடைக்குப் போகாத லேப்டாப்

"ரொம்ப ஹேங் ஆகுதுண்ணே, எடைக்குப் போட்றலாமா?" வில்லாபுரத்தில் என்னிடம் பழைய அரசு லேப்டாப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். 2011 செப்டம்பரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்குப் போன மடிக்கணினிகள் அவை. அக்காவுக்குக் கிடைத்ததில் தம்பியும் படித்து முடித்திருப்பான். பிறகு பேட்டரி போய்ப் பரணில் ஏறியிருக்கும். போடவேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப் இன்னும் சாகவில்லை. மேலே ஏற்றிய மென்பொருள்தான் அதன் தாங்கும் சக்தியை மீறிவிட்டது.

தொடக்க கால லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து அதை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. மெனு தமிழில் வரும். அரசே ஒரு சுதந்திர மென்பொருளை ஏழைப் பிள்ளையின் மடியில் வைத்தது பெரிய காரியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதைத் திறந்து காட்ட ஆசிரியர் வேண்டுமே! நான் பார்த்த பிள்ளைகளில் பலர் பூட் ஆகும்போது வரும் அந்த இரண்டாவது வரியைத் தொட்டதே இல்லை.

பழைய இயந்திரத்துக்கு உயிர் கொடுத்தது லினக்ஸின் வேறொரு கிளை. தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006இல் பிசிமேன்எஃப்எம் என்ற சின்னக் கோப்பு நிர்வாகியை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப். அதை உபுண்டு என்ற லினக்ஸ் வகையோடு சேர்த்ததில் லுபுண்டு பிறந்தது. 2011 அக்டோபரில் வந்த 11.10 பதிப்பிலிருந்து உபுண்டு குடும்பத்தின் அதிகாரபூர்வ உறுப்பினர் ஆனது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிட்டபோது, ஜெராக்ஸ் கடைகளின் பழைய கம்ப்யூட்டர்களில் நான் போட்டது லுபுண்டுதான். அரை ஜிபி ராமில் அது எழுந்து நின்றதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

இலேசாக இருப்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. எல்எக்ஸ்டிஇக்கு அடியில் இருந்த ஜிடிகே 2 என்ற கருவித்தொகுப்பு பழசாகிப்போனது. அதன் அடுத்த பதிப்போ கனத்தது. யீ 2013இல் தன் கோப்பு நிர்வாகியை க்யூடி என்ற வேறு கருவித்தொகுப்பில் எழுதிப் பார்த்தார். ரேசர்-க்யூடி என்ற இன்னொரு டெஸ்க்டாப் குழுவும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டு எல்எக்ஸ்க்யூடி வந்தது. ஓடுகிற வண்டிக்கு அச்சை மாற்றுவது மாதிரியான வேலை அது, அதையும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் செய்தார்கள். லுபுண்டு 2018இன் 18.10 பதிப்பில் எல்எக்ஸ்க்யூடிக்கு மாறியது. அதே ஆண்டில்தான், பழைய கணினிகளை முதன்மை நோக்கமாகக் கொள்ளப்போவதில்லை என்றும் அந்தக் குழு அறிவித்தது. 32 பிட் பதிப்பும் அதோடு நின்றது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டெஸ்க்டாப் சில நூறு எம்பியில் அடங்கிவிடுகிறது. பிரௌசரில் நாலு டேப் திறந்தால் மீதி ராம் முழுக்கத் தீர்ந்துபோகிறது. ஒரு வேலைவாய்ப்பு விண்ணப்பப் பக்கமே படமும் ஸ்கிரிப்டுமாக அத்தனை கனம் கனக்கிறது. லினக்ஸ் டிஸ்ட்ரோ உருவாக்குகிறவர்கள் அதற்கு என்ன செய்ய முடியும்?

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரும் இல்லை. அந்தக் காலத்து எக்ஸ்பி பெட்டிகளுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி மாதிரி இரண்டொரு இலகு லினக்ஸ் கதவுகள்தான் பாக்கி. அரசு லேப்டாப்புகளில் என் கைக்கு வந்தவை எல்லாம் 64 பிட், அதனால் தப்பித்தன. ஹார்டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி, முடிந்தால் 4 ஜிபி ராம், மேலே டெபியனும் எல்எக்ஸ்க்யூடியும், எழுத தமிழ்99 விசைப்பலகை. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களுக்குப் பாடநூல் பிடிஎஃப் திறக்க இது தாராளம்.

இதை வீதிக்கு ஓர் ஆள் செய்துகொண்டிருப்பது போதாது. பாஸ் லினக்ஸ் இன்னும் வெளிவந்துகொண்டுதான் இருக்கிறது. 2 ஜிபி ராம் உள்ள அந்த லேப்டாப்புகளுக்கென்றே சிடாக் ஓர் இலகுப் பதிப்பை வெளியிட்டு, பள்ளி ஆய்வகங்களில் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்யவேண்டும்.