ஐந்தாம் பக்கம்

போன செமஸ்டர் லீவுல ஹாஸ்டல் ரூம்லயே நாங்க நாலு பேரும் ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணினோம். ஜன்னல்ல போர்வையைக் கட்டி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிய வழிய எடுத்த பாட்டு. யூடியூபில் போட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய மியூசிக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பாட்டை லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறார்களாம். கூடவே ஒன்பது பக்க ஒப்பந்தம்.

"மச்சான், சைன் பண்ணி அனுப்புடா. இதையெல்லாம் எவன் படிப்பான்?" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன். சேனல் என் பெயரில் இருந்ததால் கையெழுத்து நான்தான் போட வேண்டும். போடவில்லை. காரணம், ஸ்டாக்ஸ்.

பாஸ் கிடார் கற்றுக்கொண்ட நாட்களில் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற 1962-ஆம் வருஷத்து இசையைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். அதை வெளியிட்ட லேபிள் ஸ்டாக்ஸ். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஜிம் ஸ்டூவர்ட் 1957-ல் ஆரம்பித்தது. அவருக்கு பேங்கில் வேலை. அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்து ரெக்கார்டிங் மெஷினுக்குப் பணம் கொடுத்தார். ஒரு பழைய சினிமா தியேட்டர்தான் ஸ்டூடியோ.

பாட்டு எடுக்கத் தெரியும், ஆனா நாடு முழுக்க கடைகளில் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை. 1960-ல் நியூயார்க்கின் அட்லான்டிக் கம்பெனி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஸ்டாக்ஸுக்கு ராயல்டி. முதல் சில வருஷம் வெறும் வாய்ப்பேச்சுதான். ஓட்டிஸ் ரெட்டிங்கின் குரல் உலகம் முழுக்கப் போனதில் அட்லான்டிக்குக்கும் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது.

1965-ல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். ஜிம் ஸ்டூவர்ட் அதை முழுசாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பேங்க்காரர்! அவர் கேட்டு வாங்கிய ஒரு நிபந்தனை என்னவென்றால், அட்லான்டிக்கில் தான் நம்பிய ஜெர்ரி வெக்ஸ்லர் தன் பங்கை விற்றால் ஸ்டாக்ஸும் வெளியேறலாம்.

1967-ல் அட்லான்டிக்கை வார்னர் வாங்கியது. அதே வருஷம் டிசம்பர் 10-ல் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருஷம் ஸ்டாக்ஸ் வெளியேறப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அட்லான்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் ரெக்கார்டிங்குகள் எல்லாவற்றுக்கும் மாஸ்டர் உரிமை அட்லான்டிக்குடையது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. பெரிய ஹிட்கள் கொடுத்த சாம் அண்ட் டேவ் ஜோடியும் அட்லான்டிக் இரவலாகக் கொடுத்தவர்கள்தான், அவர்களும் போய்விட்டார்கள்.

மாஸ்டர் என்பது அந்த ஒலிப்பதிவு. லைசென்ஸ் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி, காலம் முடிந்தால் சாவி நம்ம கைக்கு வரும். உரிமையையே எழுதிக் கொடுப்பது கிரயப் பத்திரம். ஸ்டாக்ஸ் வாடகைக்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருந்த வீடு எப்போதோ கிரயமாகிவிட்டது.

ஸ்டாக்ஸ் அதோடு படுத்துவிடவில்லை. 1969-ல் இருபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களைச் சேர்த்து வெளியிட்டு மறுபடி எழுந்தது. 1972-ல் விநியோகத்துக்கு சிபிஎஸ்ஸிடம் போனது. அங்கே ஆதரவாக இருந்தவர் கிளைவ் டேவிஸ். அடுத்த வருஷமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், ஸ்டாக்ஸைக் கவனிக்க ஆள் இல்லை. 1975-ல் திவால். இரண்டு முறையும் ஒரே ஆளை நம்பிப் போன கதைதான்.

இதை யோசித்துக்கொண்டே எங்கள் ஒப்பந்தத்தைப் படித்தேன். முதல் பக்கத் தலைப்பில் லைசென்ஸ் என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், மாஸ்டர் உள்பட எல்லா உரிமைகளும் நிரந்தரமாக, உலகம் முழுக்க அவர்களுக்கே. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, காலம் எதுவும் எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருஷத்துக்குத்தான். ஆனா 'நிரந்தரம்' என்று அவர்களே எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் நமக்குக் கிடைக்காது.

மூன்று விஷயம் கேட்டு மெயில் போட்டேன். மாஸ்டர் எங்களிடமே இருக்கணும். லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு மட்டும். கம்பெனி கைமாறினால் பாட்டு எங்களிடம் திரும்பணும்.

இன்னும் பதில் வரவில்லை. டிரம்ஸ்காரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "ஸ்டாக்ஸை நாலு பேராவது கேட்டான், நம்மள எவன்டா கேக்குறான்?" என்றான் கடைசியில். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவன் சொல்வதுகூடச் சரியாக இருக்கலாம்.

நேற்று ராத்திரி அவனே ரூமுக்கு வந்து, அடுத்த பாட்டுக்கு ஒரு பீட் வாசித்துக் காட்டினான். ஃபேனை நிறுத்தச் சொன்னான்.