நாலரை மணி

போன வருஷம் வரை எங்கள் வீட்டில் தினமும் காலை நாலரை மணிக்கு ஒரு கூத்து நடந்தது. நீங்கள் சென்னீர்குப்பம் பக்கம் குடியிருந்தால் என் குரலைக் கேட்டே இருப்பீர்கள். ஒன்பதாவது படிக்கிற பையனை எழுப்புவேன். முதலில் பெயர் சொல்லி, அப்புறம் போர்வையை இழுத்து, கடைசியில் சொம்புத் தண்ணீர். எழுந்து உட்காருவான். ஆறரை வரைக்கும் அறிவியல் புத்தகத்தில் அதே பக்கம் திறந்திருக்கும். ஆவடி ரோட்டில் வேன் ஹாரன் அடிக்கும்போது ஒரு ஷூ கிடைக்காது.

விடியற்காலையில் படித்தால் மனசில் நிற்கும் என்று என் அப்பா சொன்னார். அவருக்கு அவர் அப்பா. நான் பி.காம். பாஸ் பண்ணியதே அதனால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் 'சோம்பேறி' என்றார்கள். டாக்டரோ இரண்டு மூன்று முறை வரச்சொல்லி, ஆசிரியரிடமும் படிவம் நிரப்பி வாங்கிப் பார்த்துவிட்டு 'ஏ.டி.எச்.டி.' என்றார். மேஜை மீது ஏறிக் குதிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். இவன் உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போகிற ரகம். அதுவும் உண்டாம்.

"ராத்திரி எப்ப தூங்கறான்?"

"பத்துக்குப் படுப்பான் சார். பன்னிரண்டு வரை புரளுவான்."

"நாலரை மணி நேரம் தூங்கற பிள்ளைகிட்ட கவனம் இல்லைன்னா கம்ப்ளெய்ன்ட்?"

பதின்வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் ராத்திரி லேட்டாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு அது இன்னும் தள்ளிப்போகும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016-ல் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்றாக்கிவிட்டார்கள். நம் ஊரில் எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸே முடிந்திருக்கும்!

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? எட்டு மணி நேரம் என்றே வைத்தாலும் தினமும் மூன்றரை மணி பற்று. வாரம் ஆறு நாளில் 21 மணி நேரம். இந்தப் பையனை நான் இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

2007-ல் ஃபிலிப் ஷா என்பவரின் குழு அமெரிக்காவில் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டது. இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி மற்றவர்களைப் போலவேதான் வளர்கிறது, ஆனால் சுமார் மூன்று வருஷம் தாமதமாக. படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

இப்போது ஆறே காலுக்கு எழுப்புகிறேன். பால் பாக்கெட் வாங்க அவன்தான் போகிறான். காலை வெயில் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் சீக்கிரம் வரும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை காலையில் மட்டும், அவர் எழுதிக் கொடுத்தபடி. ஒன்பதரைக்கு எல்லா செல்போனும் ஃபிரிட்ஜ் மேல். என்னுடையதும்தான், அதுதான் கஷ்டம். நம்பர் கடிகாரத்தை எடுத்துவிட்டு முள் கடிகாரம் மாட்டினோம். நேரம் குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். அவன் படிக்கும்போது அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆள் பக்கத்தில் இருந்தாலே போதும், இருபது நிமிஷம் நகராமல் படிக்கிறான். அப்புறம் மாடிக்கு ஒரு ஓட்டம்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்கிறீர்களா? மூன்றாவது ஜியாமெட்ரி பாக்ஸும் போன வாரம் தொலைந்தது. கணக்கில் 38.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு 41 வயதில் இது தெரியவந்ததாக 2024-ல் கோதமங்கலத்தில் சொன்னார். எனக்கு 46. அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன், போகவேண்டிய தேதியைத்தான் இரண்டு தடவை மறந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை நேற்றே போயிருக்க வேண்டும். ஆசிரியர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறான். "இன்னும் நாலு வரிதானேப்பா" என்கிறான்.