காளவாசல் மாடியில் ஒரு மலைப்பூ

எங்கள் மாடித்தோட்டக் குழுவுக்குப் பெயர் கிடையாது. காளவாசல், பொன்மேனி, எஸ்.எஸ்.காலனி பக்கம் மாடியில் செடி வளர்க்கிற ஒன்பது பேர், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். விதை, பதியன் குச்சி, மண்புழு உரம் எல்லாம் கைமாறும். புதிதாக யார் வந்தாலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "கொடைக்கானல்ல ஒரு செடி பார்த்தேன். மதுரையில வருமா?" இந்த இதழின் கேள்வி பதில் பகுதியிலும் மலைச்செடிகளைப் பற்றி இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலையை எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

என் மாமியார் மன்னவனூரில் பிறந்தவர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற மேல்மலை ஊர். கல்யாணமாகி மதுரைக்கு வந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது. முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாக ஆன பிறகு ஊருக்குப் போவது நின்றுபோனது. ஒரு தை மாதம் அவர் சொன்னார்: "ஏத்தா, இந்நேரம் எங்க ஊருப் பக்கம் அந்தச் செவப்புப் பூ மரம் பூத்துருக்கும். கண்ணுல பாத்து எத்தனையோ வருசமாச்சு." அத்தை எதையும் வேண்டும் என்று கேட்கிறவர் இல்லை. அதனாலேயே அந்தப் பேச்சு எனக்குள் நின்றுவிட்டது.

அது ரோடோடென்ட்ரான் மரம். காட்டுப் பூவரசு என்றும் சொல்வார்கள். நீலகிரி, பழனி மலை, மூணாறு மலைகளில் சோலைக்காட்டின் ஓரத்திலும் புல்வெளியிலும் தனித்தனியாக நிற்கும். பட்டை தக்கை போலத் தடித்திருப்பதால் புல்வெளித் தீயைத் தாங்கிவிடும். குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ வரும். தேன் குடிக்கச் சின்னக் குருவிகள் மொய்க்கும். இதன் சொந்தக்காரர்கள் இமயமலையில் இருக்கிறார்கள். உத்தரகாண்டில் 'புராஞ்ச்' என்ற பெயரில் அதுதான் மாநில மரம், பூவிலிருந்து சர்பத் செய்கிறார்கள். நேபாளத்துக்குத் தேசிய மலரும் அதுதான். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதன் கிளை இனம் உண்டு. நடுவில் இருக்கிற இந்தியச் சமவெளி முழுக்கத் தேடினாலும் காட்டில் ஒரு மரம் கிடையாது. அந்த ஒரு விஷயத்தை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தச் செடிக்கென்றே 1945ஆம் ஆண்டிலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது, ஊர் ஊருக்குக் கிளை வைத்து நாற்றும் விதையும் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று ஒருவர் படித்துவிட்டு வந்து சொன்னார். "அப்ப நாமதான் மதுரைக் கிளை" என்று சிரித்தோம்.

முதலில் மலையடிவார நர்சரியிலிருந்து இரண்டு அசேலியா தொட்டி வாங்கினோம். அசேலியாவும் ரோடோடென்ட்ரான் குடும்பத்துக் குட்டைச் செடிதான். வரும்போது மொட்டோடு வந்தது, பத்து நாளில் பூத்தது. அத்தையைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். "நல்லாருக்கு. ஆனா இது அது இல்லத்தா" என்றார். பங்குனி பிறந்ததும் இலை மஞ்சளானது. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் வெளுப்பு. சித்திரை முடிவதற்குள் இரண்டும் காய்ந்து சருகாகிவிட்டன.

காரணத்தைத் தேடினோம். எங்கள் போர்த் தண்ணீரையும் தொட்டி மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். இரண்டுமே காரத்தன்மை, பி.ஹெச் 8ஐத் தாண்டியிருந்தது. ரோடோடென்ட்ரான் கேட்பது நாலரையிலிருந்து ஆறுக்குள். பி.ஹெச் அளவில் ஒரு புள்ளி கூடினால் பத்து மடங்கு வித்தியாசம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால், இரும்புச் சத்து இருந்தும் இந்தச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. செங்கலோ சுண்ணாம்போ சுடுகிற சூளைக்கு எங்கள் பக்கத்தில் காளவாசல் என்றுதான் பெயர். சுண்ணாம்பே ஆகாத செடிக்கு இந்தப் பெயருள்ள இடத்தில் பாத்தி கட்டியிருக்கிறோம்.

விட்டோமா? அன்னபேதி உப்பு கரைத்து ஊற்றினோம். கந்தகத்தூள் கலந்தோம். எலுமிச்சைச் சாறு விட்டுத் தண்ணீரைப் புளிப்பாக்கினோம். உப்புத் தண்ணீரில் இருக்கிற காரம் நாலு நாளில் மறுபடி மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. பிறகு மழைநீரைப் பிடித்து வைத்து, தென்னை நார்க்கழிவில் இலை மக்கு கலந்து, இரட்டை நிழல்வலை கட்டி, புதிதாக ஒரு அசேலியா வைத்தோம். இலை மஞ்சளாகவில்லை. ஆனாலும் செத்தது. மண்ணைச் சரிசெய்துவிடலாம், ராத்திரியைச் சரிசெய்ய முடியாது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை 100 மீட்டரை ஒட்டி இருக்கிறது. கோடையில் பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் தளம் விடியும்வரை அனலடிக்கும். இந்தச் செடியின் வேர் முடி மாதிரி மெல்லியது, மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். அது வெந்துபோனால் அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நான் செய்ததைக் குழுவில் ரொம்ப நாள் சொல்லவில்லை.

மேல்மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிற வண்டிக்காரர் ஒருவர், "அக்கா, நிஜச் செடியே கொண்டாந்து தாரேன்" என்றார். குழுவில் இந்தப் பேச்சு ஏற்கெனவே ஒருமுறை வந்திருந்தது. எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற வாத்தியார் அன்று எழுந்தே நின்றுவிட்டார். "காப்புக்காட்டுல ஒரு செடியப் பிடுங்குனாலும் வனச்சட்டப்படி குத்தம். அந்தச் சட்டம் 1882லருந்து இருக்கு. 2013ல அங்க பெரும்பகுதியச் சரணாலயமாவும் ஆக்கிட்டாங்க. அதெல்லாம் போகட்டும், அங்க இருக்குறதே கொஞ்சம்" என்றார். நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் வண்டிக்காரர் கேட்டபோது, "தோட்டத்துச் செடிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றேன். கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

சாக்கில் சுற்றி வந்தது. முழங்கால் உயரம் இருக்கும். தண்டு சுண்டுவிரல் கனம். வேரோடு கறுப்பாக மெத்தென்று மண், அதில் பாசி, காட்டு வாசம். நர்சரிப் பை இருந்ததற்கான அடையாளமே இல்லை. இது மெதுவாக வளர்கிற மரம். அந்த உயரத்துக்கு வர எத்தனை மழைக்காலம் பிடித்ததோ. நல்ல தொட்டி, மழைநீர், ஈரச்சாக்கு, மேசை விசிறி என்று எல்லாம் செய்தேன். பத்தொன்பதாம் நாள் இலைகள் சுருட்டிக்கொண்டு தொங்கின. இதன் வேரில் ஒட்டி வாழ்கிற நுண்ணிய பூஞ்சைதான் ஏழை மண்ணிலிருந்து சத்தை எடுத்து ஊட்டுகிறது என்று பிறகு படித்தேன். தோண்டியெடுக்கும்போதே அந்த உறவு அறுந்திருக்கும்.

அத்தையிடம் மறைக்க முடியவில்லை. காய்ந்த செடியைக் கீழே கொண்டுவந்து காட்டினேன். பட்டையைத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அங்கனயே விட்டுருந்தா நின்னுருக்குமேத்தா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்காகவா செஞ்ச?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வாத்தியார் எதுவும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "செடியக் கொண்டுவர முடியாது. அம்மாவக் கொண்டுபோக முடியாதா?"

எத்தனை செலவு, எத்தனை அலைச்சல்! ஒருவருக்கும் இந்த யோசனை வரவில்லை. மாசி மாதம் வாடகைக் கார் பிடித்து, பின் சீட்டில் தலையணை அடுக்கி, வத்தலக்குண்டு வழியாக மெதுவாக ஏறினோம். அத்தை, நான், என் வீட்டுக்காரர், வாத்தியார். கொடைக்கானலில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் மன்னவனூர்ச் சாலையில் போனோம். ஒரு வளைவில், சாலையை ஒட்டியே ஒரு மரம் நின்றது. முறுக்கேறிய தண்டு, இலைக்கு அடிப்பக்கம் பழுப்பு, உச்சியெல்லாம் சிவப்பு. பூக்காலம் முடிகிற நேரம், கீழேயும் பூ கொட்டிக் கிடந்தது. அத்தை இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்தார். "வாசமே கிடையாது இதுக்கு. மறந்தே போச்சு" என்று சிரித்தார். திரும்பும்போது அதை எடுத்துவரவில்லை. அதே மரத்தடியில் போடச் சொன்னார்.

போன ஆவணியில் அத்தை தவறிவிட்டார். அந்தக் கால் மணி நேரம் கிடைத்ததே என்று இருக்கிறது. அந்தச் செடியை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

வாத்தியார் சொன்ன ஒரு செய்தி எங்கள் குழுவை மாற்றியது. கிரேக்க மொழியில் 'ரோடான்' என்றால் ரோஜா, 'டென்ட்ரான்' என்றால் மரம். பழைய கிரேக்கர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தது நம் அரளிக்கு. பிற்காலத்தில்தான் அது மலைச்செடிக்குப் போனது. ஆக, பெயரளவில் பழைய ரோடோடென்ட்ரான் நாற்கரச் சாலை நடுவிலும் நம் கோயில் மாலையிலும் இருக்கிறது! வெயில், உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண் எதற்கும் அசையாது. இப்போது எங்கள் மாடிகளில் அடுக்கு அரளி, பாலைவன ரோஜா, மல்லிகை இருக்கின்றன. எல்லாம் இந்த மண்ணையும் வெயிலையும் தாங்குகிறவை.

கடைசியாக, கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில்:

சமவெளியில் ரோடோடென்ட்ரான் மரம் வராது. அசேலியாவை ஆசைக்கு வாங்கினால் ஒரு பருவப் பூவுக்காக என்று நினைத்து வாங்குங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை கிழக்குப் பக்க நிழலில், மழைநீர் மட்டும் ஊற்றி வையுங்கள்.

மலையில் நிலம் உள்ளவர்கள் தாராளமாக வைக்கலாம். நர்சரி நாற்றாகவோ, உங்கள் சொந்த மரத்தின் விதையாகவோ இருக்கட்டும். விதை தூசி மாதிரி இருக்கும். ஈரமான பாசி, இலை மக்கின் மேல் தூவினால் போதும், மண் போட்டு மூடக் கூடாது. நடும்போது ஆழமாகப் புதைக்காதீர்கள். சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் கிட்டவே வரக் கூடாது. மேலே இலைச்சருகு மூடாக்கு எப்போதும் இருக்கட்டும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அரளியானாலும் ரோடோடென்ட்ரானானாலும் இலை நஞ்சு. வெட்டிய கிளையைக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள்.

"காட்டுச் செடி, கொண்டாந்து தாரேன்" என்று யாராவது சொன்னால், நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேட்டுவிடுங்கள்.