மரத்த விரல்

சென்ற மார்கழியில் ஒரு காலை, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் பணமெடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து, கம்ப்யூட்டர் திரையில் இருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாம் முறை போட்டார்; இன்னும் கோணிக்கொண்டு போயிற்று. ‘கைநாட்டு வெச்சுடுங்களேன், ஐயா’ என்றேன். எங்கள் கௌண்டரில் அடிக்கடி சொல்கிற வார்த்தைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். ஆனால் அவர் மறுத்துவிட்டார்.

‘அறிவொளியில கத்துக்கிட்ட கையெழுத்து சார். கைநாட்டு வெக்கமாட்டன். ராத்திரி கரண்டுல தண்ணி கட்டிட்டு அப்படியே வர்றன், வெரலு மரத்துக் கெடக்குது. செத்த நேரம் இருங்க.’

பெஞ்சில் போய் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்கு ‘க்ளம்ஸி’ என்ற ஆங்கில வார்த்தை நினைவுக்கு வந்தது. ஆக்வர்ட், க்ளம்ஸி, கோஷ், மலட்ராய்ட், இன்எப்ட் எல்லாம் ஒரே அர்த்தம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து பி.ஏ. பாஸ் செய்தவன் நான். அவற்றின் பிறப்பை அகராதியில் பார்த்தது வெகுநாள் கழித்து. க்ளம்ஸியின் வேரில் இருப்பது திறமைக் குறைவல்ல. குளிரில் விறைத்துப் போதல். ஆக்வர்டின் வேர், தவறான பக்கம் திரும்பியது என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல். கோஷ், பிரெஞ்சில் இடது. இன்எப்ட், லத்தீனில் பொருந்தாதது.

புழக்கத்திலும் இவை வேறு வேறு ஆட்கள். டம்ளரைக் கைநழுவ விடுகிறவன் க்ளம்ஸி. துக்க வீட்டில் கடன் பாக்கியைக் கேட்கிறவன் கோஷ். நாம் சபை தெரியாதவன் என்போம். இரண்டு பேர் சண்டையைத் தீர்க்கப் போய் மூன்றாவதை மூட்டிவிட்டு வருகிறவன் மலட்ராய்ட். லாயக்கற்றவன் இன்எப்ட். ஆக்வர்ட் மட்டும் ஆளை விட்டிறங்கி ஒரு மௌனத்தின் மேலோ ஒரு வேளையின் மேலோ போய் உட்காரக்கூடியது. நம் தர்மசங்கடம், ஏடாகூடம் போல. எங்கள் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர்கள் ஏறுக்குமாறான காரியத்தை ‘எடவட்டு’ என்பார்கள். என் காதுக்கு அதிலும் இடதுகைதான் கேட்கிறது. எழுதத் தெரியாத ஆணிடம் நாங்கள் கேட்பதும் இடது கட்டைவிரலைத்தான்.

ஆக, தமிழில் வார்த்தைகள் இல்லாமலில்லை. விமர்சனத்தில் நாம் அவற்றைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். ‘செப்பமில்லை’ என்ற ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் அளந்துவிடுகிறோம். 1962இல் செல்லப்பா ‘புதுக்குரல்கள்’ தொகுத்த காலத்தில், யாப்பைக் காட்டிப் புதுக்கவிதையை மறுத்தவர்கள் செய்த பிழை இதுதான்: வேறு பக்கம் திரும்பி நின்றதைக் கை வராதது என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பரிகசித்துப் பழகிய நாமும் அதையே செய்கிறோம்.

நான் செய்தேன். மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஓர் இளைஞரின் முதல் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, ‘கைநாட்டுக் கவிதைகள்’ என்று முடித்தேன். எழுதியபோது அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் பிரசுரிக்கவில்லை. என்னால்தான் என்று சொல்வது கர்வம். என்னாலல்ல என்று சொல்வது சௌகரியம்.

மார்கழியின் அந்த இரவு தொகுப்பை மறுபடி எடுத்தேன். லாயக்கற்ற வரிகள் இருக்கின்றன, ஆனால் கொஞ்சம். பல இடங்களில் வாக்கியம் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. அதைப் பார்க்க நான் என் இடத்திலிருந்து நகர்ந்திருக்க வேண்டும். தாயின் சாவு பற்றிய கவிதைகளில் சொற்கள் ஒன்றையும் பற்றமுடியாமல் நழுவுகின்றன. அது பயிற்சி போதாமையல்ல, மரத்துப்போன விரல். அதற்கு வேண்டியது கொஞ்ச நேரம். தீர்ப்பு முதல் வகைக்கு மட்டும் பொருந்தும். நான் மூன்றுக்கும் சேர்த்து ஒரே முத்திரையைக் குத்தியிருக்கிறேன்.

இருபது நிமிஷம் கழித்துப் பெரியவர் எழுந்து வந்தார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். கடைசி எழுத்தின் சுழி, மாதிரியைவிடச் சற்றுப் பெரிது. பாஸ் செய்தேன். பணத்தை எண்ணி மடித்துக்கொண்டவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வரிசையில் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

இங்கே வரிசை ஏதுமில்லை. மூன்று வருஷங்களுக்கு முந்தைய அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.